ஸ்நேகாவுக்கு ஏழு பதில்கள்

காலையில் விஷ்ராந்த்வாடியில் பஸ் ஏறியதும் போன் சிணுங்கியது. பெர்ல் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதும் எங்கள் புனே ப்ரோக்ராமர்களின் வாட்ஸ்அப் குரூப். மாதக்கணக்கில் அதில் பண்டிகை வாழ்த்தும் இரங்கல் செய்தியும்தான் வரும்.

இன்று ஒரு கேள்வி.

மகர்பட்டாவில் வேலை பார்க்கும் ஸ்நேகா. நேற்று நான்தான் சேர்த்தேன். ஆபீஸில் ஒரு பழைய பெர்ல் ப்ரோக்ராமில் ஒரு வரி புரியவில்லையாம், போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள்.

பெர்ல்காரர்கள் ஒரு பதிலோடு விடமாட்டோம். ஜோஷி சார் விளக்கிவிட்டு, அதையே வேறு மாதிரி எழுதிக் காட்டினார். ரிட்டயரான தேஷ்பாண்டே சார் அதைப் பாதியாகக் குறுக்கினார். நான் அதையும் குறுக்கினேன். அந்த மும்முரத்தில் என் ஸ்டாப் போயே போய்விட்டது.

ஏழாவது பதிலுக்கு அப்புறம் அவள் எழுதினாள்.

"தேங்க்ஸ் சார், புரிஞ்சிடுச்சு. இனி பைத்தான்ல எழுதிட்டு இதை டெலீட் பண்ணிடுவேன். எங்க ஆபீஸ்ல மிச்சமிருந்த கடைசி பெர்ல் இதுதான்."

அடுத்த நிமிடம் குரூப்பை விட்டுப் போய்விட்டாள். அட்மின் என்பதால் அது எனக்கு மட்டும் தெரிந்தது.



பிறகு தேஷ்பாண்டே சார் அனுப்பினார். "ஸ்நேகா, யோசிச்சுப் பார்த்தேன். இன்னும் ரெண்டு எழுத்து குறைக்கலாம். பாத்துட்டு சொல்லும்மா."

இப்போதுவரை அவள் பதிலுக்காக அவர் காத்திருக்கிறார்.

ஒன்றைச் சொல்ல ஒன்பது வழி வைத்திருக்கிற எனக்கு, இதை அவரிடம் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.