இசட் எச் போட்ட பாப்பா

பெயர் சூட்டு விழா மேடைக்கு தெர்மாகோலில் எழுத்து வெட்டுவது என் தொழில். ரேஷன் கார்டிலோ கல்யாணப் பத்திரிகையிலோ சொந்தப் பெயரையே தப்பாகப் பார்த்து நொந்தவரா நீங்கள்? அப்படியென்றால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். முன்பெல்லாம் நாலைந்து பெயர்தான் சுற்றிச் சுற்றி வரும், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். இப்போது முகப்பேர் பக்கம் குடிவந்திருக்கும் இளம் அம்மாக்கள் மாயாஜால நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறார்கள். பெண் குழந்தை பிறந்தால் போதும், அதில் வரும் இளவரசியோ சூனியக்காரியோ நேராக என் மேஜைக்கு வந்துவிடுகிறாள்.

பெரிய பல்லி

பாரிவாக்கத்தில் ஒரு வீடு. பாப்பாவுக்கு டிராகன் மேல் ஏறிப் பறக்கிற ஒரு ராணியின் பெயர். அதனால் பெயருக்கு மேலே ஒரு டிராகனும் வேண்டும் என்றார் பாப்பாவின் அப்பா. பச்சை பெயின்ட் அடித்து, வாலைச் சுருட்டி, நெருப்புக்கு ஆரஞ்சுக் காகிதம் ஒட்டினேன். என் கைக்கு நானே திருஷ்டி சுற்றிப் போடலாம் போல வந்திருந்தது. குழந்தையின் தாத்தா இடுப்பில் கை வைத்தபடி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"பல்லி நல்ல சகுனந்தான், இல்லேங்கல. அதுக்குன்னு இம்மாம் பெரிய பல்லியையா மாட்டுவாங்க?"

ங வேண்டும்

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் வேலை பார்ப்பவர் வந்தார். குழந்தை திருவாதிரை நட்சத்திரம். ஜோசியர் சொன்ன முதலெழுத்துகளில் ங-வும் ஒன்று. மனைவி படித்த நாவலில் 'ஙயோரா' என்று ஒரு வனதேவதை வருகிறாளாம். ஜோசியமும் நாவலும் ஒத்துப்போனதில் மனிதர் பூரித்துப் போயிருந்தார். என்னிடம் அந்த எழுத்துக்கு அச்சே கிடையாது. கையால் வரைந்து வெட்டியதில் ஒன்று உடைந்து, இன்னொன்று தேறியது. வாங்கிப் போக வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணாங்கிளாஸுக்கப்புறம் இன்னிக்குத்தாங்க பார்க்கறேன். எது மேல, எது கீழன்னு பின்னாடி ஒரு அம்புக்குறி போட்டுக் குடுத்துடுங்க."

தப்பாக வெட்டிய ழி

ரேவதி என்று ஒரு இளம் அம்மா, பாப்பாவின் பெயரை வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அனுப்பியிருந்தாள். ஒய், ஏ, இசட், எச், ஐ, ஆர், ஏ. தமிழ் என்று எழுதவே நாம் இசட் எச் போடுகிறோம் இல்லையா? நானும் அழகாக ஒரு ழி வெட்டி, 'யாழிரா' என்று அடுக்கி வைத்தேன். விழாவுக்கு முந்தின நாள் கடைக்கு வந்தவள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது யாஷிரா. கதையில அப்படித்தான்."

"அப்ப எஸ் எச் போட்டிருக்க வேண்டியதுதானேம்மா?" என்றேன். கோபம் வந்தால் என் குரல் தன்னால் ஏறிவிடும்.

அவள் சண்டைக்கு வரவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முதல் கர்ப்பம் கலைந்ததால் இந்த முறை படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கணவர் செழியன் ஆபீஸ் போனபின் நாவலில் வரும் யாஷிராதான் துணை. கோபுரத்தில் அடைத்துப் போட்டும் தைரியம் விடாத பெண் அவள். "இந்தக் குழந்தை தங்கினா உன் பேருதான்னு அவகிட்ட சொல்லி வச்சிருந்தேங்க்கா" என்றாள் ரேவதி. ஆனால் மாமனார் ஆவடி தொழிற்சாலையில் இருந்தவர், குவார்ட்டர்ஸில் பாதிக் குழந்தைகளுக்குத் தேடித் தேடித் தமிழ்ப் பெயர் வைத்தவர். அவரிடம் எப்படிச் சொல்வது? விழா வரைக்கும் சஸ்பென்ஸ் என்று சமாளித்துக்கொண்டிருந்தாள்.

ஷி வெட்ட நான் கத்தியை எடுத்தபோது, அவளைக் கூட்டிவந்து வெளியே ஸ்கூட்டரோடு நின்றிருந்த மாமனார் உள்ளே வந்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ழி-யை விரலால் தொட்டுப் பார்த்தார். ரேவதி என்னைப் பார்த்தாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ழகரம் வச்சிருக்கியேம்மா. நான் கேக்காமலே வச்சிருக்கியே."

காதில் மூன்று முறை

மறுநாள் அப்பார்ட்மென்ட் ஹாலில் விழா. பெயரைக் குழந்தையின் காதில் சொல்ல வேண்டியது அத்தை. செழியனின் அக்கா அம்பத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், அவள் வாயில் 'பழம்' எப்போதும் 'பயம்' என்றுதான் வரும். "யாயிரா, யாயிரா, யாயிரா" என்று மூன்று முறையும் கணீரென்று சொல்லிவிட்டு, "பேரு ஷோக்கா கீதுப்பா" என்று நிமிர்ந்தாள். ழகரத்துக்காகக் காத்திருந்த பெரியவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்புறம் குழந்தையை வாங்கிக்கொண்ட ரேவதி, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்து அதன் காதில் ஏதோ முணுமுணுத்தாள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு எழுத்துகளைக் கழற்ற ஆரம்பித்தேன். பெரியவர் வந்து நின்றார். "எம் மருமக கடைசியா வேற பேரு சொன்னா. காதுல விழுந்துச்சு. அது என்ன கதைம்மா?" என்றார். மறைக்க மனசு வரவில்லை. கோபுரம், படுக்கை, அவள் கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேடையில் ஏறி, ழி-யை மட்டும் தானே கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இதுக்குப் பதிலா ஷி வெட்டிக் குடும்மா, பாப்பா ரூம்ல மாட்டணும். எம் புள்ளைங்க ரெண்டு பேரும் அவங்கவங்க ஆபீஸ், ஊடுன்னு இருந்தப்ப இவளுக்குத் துணையா இருந்தவ பேரு. அதை மாத்த நான் யாரு?"

இப்போதெல்லாம் இசட் எச் வந்தால் கத்தியை எடுக்கும் முன் ஃபோனை எடுக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஒரே எழுத்துக்கு ஒரு குடும்பத்துக்குள்ளேயே மூன்று உச்சரிப்பு இருக்கிறது.