மூன்று தட்டினால் அணைக்க வேண்டும்

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் என் காதால் கேட்டதை மட்டும்தான் சொல்லப்போகிறேன். கேட்பதுதான் என் பிழைப்பு. பத்தொன்பது வருடமாக டீசல் மெக்கானிக். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதற்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனம் ஒரு விடியற்காலையில், முப்பத்தெட்டே நிமிடத்தில் இறங்கியது.

என் தங்கையின் கணவர் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதே வண்டி, அதே வருடத்து மாடல். அது போவதே தெரியாது. இவருடையது கிளம்பினால் தெருவே எழுந்து உட்காரும். "ரெண்டும் ஒரே வண்டிதானே மச்சான், இது மட்டும் ஏன் இப்படிக் கத்துது?" என்று புலம்பினார்.

என்னிடம் வாரத்துக்கு நாலு பேர் கேட்கும் கேள்விதான் அது. டீசல் எஞ்சினில் தீப்பொறி வைக்க எதுவும் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பீய்ச்சுவதில்தான் சூட்சுமம். முதலில் ஒரு துளி கொடுத்து, அது பற்றிய பிறகு மீதியைக் கொடுக்கிற எஞ்சின் மெதுவாகப் பேசும். மொத்தத்தையும் ஒரே மடக்கில் ஊற்றுகிற எஞ்சினுக்குப் புரை ஏறும், கட கடவென்று இருமும். ஒரே மாடல் வண்டிகளிலும் வித்தியாசம் வரும். டீசலைப் பீய்ச்சும் நாசில் தேய்ந்திருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கலாம். பானெட்டுக்கு அடியில் சத்தத்தை அடக்குகிற மெத்தையை எலி தின்றிருக்கலாம். இதெல்லாம் வெறும் சத்தம். காதுக்குத்தான் கேடு, உயிருக்கு இல்லை.

உயிருக்குக் கேடான சத்தம் ஒன்று உண்டு. அது கீழிருந்து வரும். சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் தேய்ந்தால் கேட்கும் தட்டல். அதோடு மலையேறினால் பாதி வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அன்று காலை ஏழு மணிக்கு என் தங்கையும், பிறந்து இருபத்தைந்து நாளான அவள் குழந்தையும் அந்த வண்டியில்தான் மலையைத் தாண்டி ஊருக்குப் போவதாக இருந்தது. அதற்குள் எனக்கு ஒரே ஒரு பதில் தெரிந்தாக வேண்டும். சத்தம் மேலேயா, கீழேயா?

எஞ்சின் சூடாகிவிட்டால் பாதிச் சத்தம் ஒளிந்துகொள்ளும். ஆறிக் கிடக்கும் எஞ்சினைத்தான் கேட்க வேண்டும். அதனால் முதல் நாள் மாலையே வண்டியை என் பட்டறையில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். விடிவதற்கு முன்னால் நானும் மாப்பிள்ளையும் போய் ஷட்டரைத் தூக்கினோம். வேறு ஈ, காக்கை இல்லை.

மணி 5.12. ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினேன். இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தேன். மாப்பிள்ளையை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தேன்.

"எஞ்சின் ஓடும்போது நான் கத்தினாலும் உங்களுக்குக் கேக்காது மாப்ள. ஸ்பேனரால சேஸிஸ் சட்டத்துல தட்டுவேன். ரெண்டு தட்டினா ஆக்சிலேட்டர் குடுங்க. மூணு தட்டினா உடனே அணைச்சிடுங்க. கேட்டுச்சுங்கறதுக்கு ஒரு ஹாரன்."

"ரெண்டுன்னா குடுக்கணும். மூணுன்னா அணைக்கணும்."

"மாத்திடாதீங்க. உங்க பொண்டாட்டிக்கு அண்ணன் ஒருத்தன்தான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாப் பட்டறையிலும் இந்தத் தட்டல் பாஷை உண்டு.

5.16. எஞ்சின் பிடித்தது. கட கட கட... தகரக் கூரை அதிர்ந்தது. சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினேன். டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப், எங்களுக்கு இது.

மேலே நான்கு நாசில்களும் குழாயடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கீழே, எஞ்சின் ஆயில் தொட்டியில் வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. பேரிங்குக்கு ஒன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது. தங்கையை அனுப்பலாம்.

டார்ச்சைத் திருப்பினேன். சேஸிஸுக்குப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்டுக்கு அடியில் சின்னச் சின்னக் குழிகள். ரோட்டுக் கல் தெறித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

5.21.

டங். டங். டங்.

கைப்பிடி வழியாக நேராகக் காதுக்குள் வந்தது. கீழேதான். பேரிங் தட்டல் என்றால் எஞ்சின் வேகம் கூடும்போது அதுவும் கூடும். சோதிக்கலாம் என்று இரண்டு தட்டினேன்.

எஞ்சின் அணைந்தது. ஹாரன் ஒன்று அடித்தது.

"ஏன் அணைச்சீங்க?"

"நீங்கதானே மூணு தட்டினீங்க."

"நான் ரெண்டுதான் தட்டினேன்."

"இல்ல மச்சான். மொதல்ல மூணு. சாவியத் திருப்பறதுக்குள்ள இன்னொரு ரெண்டு."

அப்படியானால் அவருக்கும் கேட்டிருக்கிறது... திரும்பப் போடச் சொன்னேன்.

5.29. கட கட கட... இரண்டு தட்டினேன். ஹாரன். அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது. காதைக் கைப்பிடியில் வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன்.

டங்... டங்... டங்.

அதே நிதானம். எஞ்சினுக்குள் இருக்கும் எந்தச் சத்தமும் எஞ்சினோடு சேர்ந்து ஓடித்தான் ஆக வேண்டும். இது ஓடவில்லை. தன் பாட்டுக்கு மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

என் தலைக்குப் பின்னால். இரண்டடி தூரத்தில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது வீராப்பாகச் சொல்லலாம். அப்போது முடியவில்லை. பலகையை உதைத்து வெளியே வந்தேன். ஸ்பேனர் என் கையில் இருந்தது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கீழே தட்டல் நிற்கவில்லை.

ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. பட்டறை அமைதியானது.

5.46.

டங். டங். டங்.

"அணைச்சாச்சே மச்சான்..."

டங். டங். டங்.

டார்ச்சை அடித்துக் குனிந்தேன். பலகை காலியாக இருந்தது. அதற்கு அப்பால் வெறும் தரை. ஆனால் சேஸிஸ் அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது.

டங்டங்டங். டங்டங்டங். இப்போது அவசரமாக. கெஞ்சுவதுபோல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணைத்தது அதற்குத் தெரியவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

ஒரு ஹாரன் அடித்தேன்.

நின்றது.

மணி 5.50.

தங்கையையும் குழந்தையையும் தெரிந்தவர் காரில் அனுப்பினேன். மாப்பிள்ளையும் கூடப் போனார். என்ன என்று தங்கை கேட்டாள். சின்ன வேலை பாக்கி என்றேன். வண்டி என் பட்டறையிலேயே நின்றது.

பதினோரு மணிக்கு விற்ற தரகரைப் பிடித்தேன். மழுப்பினார். நான் விடவில்லை. கடைசியில் அந்த வண்டியை முன்பு பார்த்த பட்டறைக்காரரின் நம்பரைக் கொடுத்தார். போனில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"எங்ககிட்டயும் சத்தம்னுதான் வந்துச்சு. என் ஆள் ஒருத்தர் கீழ போனார். ஸ்டாண்டு போடல, வெறும் ஜாக்கி. மேல உக்காந்திருந்தவன் எஞ்சினை ஓடவிட்டுட்டு போன் பேச வெளிய போயிட்டான். அப்படியே வீட்டுக்கும் போயிட்டான். ஜாக்கி சரிஞ்சிடுச்சு. வண்டிதான் அந்தக் கத்து கத்துதே, அக்கம்பக்கத்துல யாருக்கும் ஒண்ணும் தெரியல. டீசல் தீர்ந்து எஞ்சின் தானா நின்னப்புறம்தான் வாட்ச்மேனுக்குத் தட்டற சத்தம் கேட்டிருக்கு. மூணு மூணா. ஓடிவந்து தூக்கினோம்."

"அதுவரைக்கும் உசுரோடவா இருந்தார்?"



"இல்ல. ஜாக்கி சரிஞ்ச அந்த நிமிஷமே போயிட்டார்னு டாக்டர் சொன்னார். நாங்க தூக்கும்போது உடம்பு விறைச்சுக் கெடந்துச்சு."

போனை வைத்தேன். நல்ல வெயில் நேரத்தில், பக்கத்துக் கடைக்காரரை வாசலில் நிறுத்திவிட்டு, வண்டிக்குக் கீழே போனேன். பெயிண்டைச் சுரண்டினேன். கல் தெறித்த குழிகள் இல்லை அவை. மூன்று மூன்றாக, வரிசையாக இருந்தன. அறுபத்தொரு வரிசை எண்ணினேன். கடைசிக் குழிகள் சிலவற்றில் மட்டும் நான் சுரண்டுவதற்கு முன்பே பெயிண்ட் உதிர்ந்து இரும்பு பளபளத்தது. அன்று காலை நான் தட்டியது வலப்பக்கம். இவை இடப்பக்கம்.

சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்றார். பிறகு கேட்டார்.

"சத்தம் மேலயா மச்சான், கீழயா?"

"கீழ," என்றேன்.