என் மேல் கட்டிப் பார்த்த புடவை

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் நான் வாட்ச்மேன். கண்ணாடிக் கதவைத் திறப்பேன். செருப்பைப் பார்த்துக்கொள்வேன். வாசலில் ஆட்டோ நின்றால் நகரச் சொல்வேன். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. எனக்கு ஒத்துப்போனது.

பெரிய முதலாளிக்கு முடியாமல் போனதும் அவர் மகன் வந்து உட்கார்ந்தார். அவர் எங்கேயோ ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். மறுநாளிலிருந்து காலையில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். கை தட்ட வேண்டும். "ஒரே அணி! ஒரே நோக்கம்! வாடிக்கையாளர் சந்தோஷம்!" என்று கத்த வேண்டும். சுவரிலும் எழுதி மாட்டினார்.

புடவை மடிக்கிற பெண்ணுக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிடும். கீழ்த்தளத்து சேல்ஸ்மேன் வாயை மட்டும் அசைப்பார். மாடி சேல்ஸ்மேன் கொட்டாவி விடுவார். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். என்னைக் கத்தச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விற்கிறவருக்குத்தான் கமிஷன். அதனால் ஒரே அணி என்று கத்தின வாய் மூடுவதற்குள், கீழ்த்தளத்துக்காரரும் மாடிக்காரரும் வருகிற ஆளை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாள் ஆகியிருந்தது.

மார்கழியில் ஒரு நாள். முகூர்த்தம் இல்லாத மாதம். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். குள்ளமான ஆள். இரண்டு சேல்ஸ்மேன்களும் ஓடி வந்தார்கள். உள்ளே பேசியதெல்லாம் பிறகு மடிக்கிற பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எனக்கு நாளைக்கி அறுபதாம் கல்யாணம்பா. பொறந்த நட்சத்திரம் மார்கழியில வருது," என்றார் பெரியவர். "வீட்ல அவளுக்குப் பட்டு எடுத்தாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

"அம்மாவையும் கூட்டிக்கினு வந்திருக்கலாமே சார்?" என்றார் கீழ்த்தளத்துக்காரர்.

"கூட்டிக்கினு வந்தா அவ எடுத்ததா ஆயிடும். நான் எடுக்கணும். இது வரைக்கும் நான் வாங்கினு போன பட்டு ஒண்ணைக்கூட அவ ரெண்டாந்தரம் கட்டினதில்ல. நல்லாருக்குதும்பா. ஒருவாட்டி கட்டுவா. அப்புறம் மருமவளுக்குக் குடுத்துடுவா. இன்னா கொறன்னு கேட்டா சொல்லவே மாட்டா." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கிக் கட்டறதையாச்சும் அவளே வெச்சுக்கணும்பா. அதுக்குத்தான் வந்தேன்."

கீழ்த்தளத்துக்காரர் மெத்தையில் உட்கார வைத்து அரக்கு, மயில்கழுத்து, கத்திரிப்பூ என்று விரித்துப் போட்டார். பெரியவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அதுதான் அவருக்குப் பயம். வாங்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருந்ததாம்.

"போட்டோ இருக்குதா சார்?" என்று மடிக்கிற பெண் கேட்டாள். அவர் போனைக் காட்டினார். எல்லாப் படத்திலும் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நின்னுக்கினு ஒண்ணுகூட இல்லையா சார்?"

"நிக்க மாட்டா. நின்னா நான் குட்டையாத் தெரிவேன்னு."

அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவரே சிரித்துவிட்டார். அவள் ஒரு புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டினாள்.

"நீ இவ்ளோதாம்மா இருக்கற. அவ..." என்று கையைத் தன் தலைக்கு மேலே தூக்கினார். இன்னும் தூக்கினார். கடையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்தார்.

"அதோ, அந்த ஆளு. அதே ஒசரம். கலரும் அதே கலர்."

எல்லோரும் திரும்பினார்கள். நான் தெருவைப் பார்த்தேன்.

சின்ன முதலாளி கதவைத் திறந்தார். அவர் தானாகக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. "அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க," என்றார்.

"தொப்பியக் கழட்டணுமா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது.

யூனிபாரத்துக்கு மேலேயே கட்டினார்கள். மடிக்கிற பெண் கொசுவத்தை என் பெல்ட்டில் சொருகினாள். சிரிப்பில் அவள் கை ஆடியது. கொசுவம் அவிழ்ந்தது.

"அசையாத நில்லுங்கண்ணே. கூச்சமா இருக்குதா?"

"பெல்ட்டு இறுக்குது," என்றேன்.

நான் தினமும் விரட்டுகிற ஆட்டோக்காரர் ஒருவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். தலையை உள்ளே நீட்டி, "இன்னாண்ணே, மாப்ள யாரு?" என்றார். விரட்ட வாசலில் ஆளில்லை. அவரும் உள்ளே வந்துவிட்டார்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். புடவை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழே பேண்ட் தெரிந்தது.

"இப்பிடித்தான்," என்றார். "அவளுக்கும் இப்பிடித்தான் நிக்கும். தழைச்சுக் கட்டேன்டின்னு திட்டுவேன். தழைக்கத் துணி எங்க இருக்குது?" அப்படியே மெத்தையில் உட்கார்ந்தார். "இத்தினி வருசம் வாயத் தொறக்கல பாரு. சொன்னா அவ ஒசரத்தச் சொல்லணும். அதச் சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும்னு வுட்டுட்டா."

 பிறகு மாடிக்காரர் கீழ்த்தளத்துக்காரரைப் பார்த்து வாயைத் திறந்தார். "டேப்பு எங்கடா?"

புடவையின் அகலத்தை நாங்கள் பன்னா என்போம். பன்னா கூடுதலாக இருக்கிற புடவை வேண்டும். அலமாரிகள் இறங்கின. சின்ன முதலாளி ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக வீசினார். ஆட்டோக்காரர் பிடித்து, "அவுட்டு!" என்றார். கீழ்த்தளத்துக்காரர் அளந்தார். கொஞ்சம் தேறினதை என் மேல் சுற்றினார்கள். எல்லோரும் குனிந்து என் காலைப் பார்த்தார்கள். "பத்தல!" என்று ஒன்றாகக் கத்தினார்கள். அடுத்தது. "பத்தல!" காலையில் கத்தியதைவிட இது சத்தம். ஒருவர் குரல்கூடப் பிந்தவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்துவிட்டது. அந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சுற்றிச் சுற்றி எனக்குக் கிறுகிறு என்று வந்தது. எப்போது சிரிக்க ஆரம்பித்தேன் என்று தெரியாது.

"ஐயோ, அண்ணனுக்குப் பல்லு இருக்குதுடா!" என்றாள் மடிக்கிற பெண்.

கடைசியில் மாடி மூலையில் ஒன்று கிடைத்தது. கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை. ஏதோ தறியில் பன்னா கூடிப்போய் வந்தது. கட்டினால் காலைத் தடுக்குகிறது என்று யாரும் எடுக்காமல் கிடந்தது. மாடிக்காரர் படியில் தாவி இறங்கி வந்தார். சுற்றினார்கள். குனிந்தார்கள். என் ஷூ தெரியவில்லை.

அப்போது எழுந்த கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து திருடனா என்று கேட்டார்.

பில் போடும்போது யார் பெயரில் விற்பனை என்று சின்ன முதலாளி கேட்டார். கீழ்த்தளத்துக்காரர் மாடிக்காரரைக் காட்டினார். மாடிக்காரர் கீழ்த்தளத்துக்காரரைக் காட்டினார். நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் யாருக்கும் வேலை ஓடவில்லை.

"இந்நேரம் மாலை மாத்தியிருப்பாங்க."

"நடக்கறப்ப தடுக்கியிருக்குமோ?"

"எனக்குத் தடுக்கலையே," என்றேன்.

"நீங்க எங்கண்ணே நடந்தீங்க? நின்ன எடத்துலயே நின்னீங்க!"

அது உண்மைதான். முந்தின நாள் யாருக்கும் அது தோன்றவில்லை. மடிக்கிற பெண்ணின் முகம் செத்துப்போனது. மணையைச் சுற்றி வரும்போது அந்த அம்மா தடுக்கி விழுந்தால் எங்கள் கதி என்ன என்று சின்ன முதலாளி திரும்பத் திரும்பக் கேட்டார். மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு கார் நின்றது. நிறுத்தக் கூடாத இடம். விரட்டப் போனேன். கடுகு மஞ்சள் இறங்கியது. பின்னால் பெரியவர். கோயிலுக்குப் போகிற வழியாம்.

உள்ளேயிருந்து எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா படியில் ஏறினார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னாய்யா இது, எல்லாரும் என் காலையே பாக்கறீங்க?"

"தடுக்குதாம்மா?" என்று சின்ன முதலாளி கேட்டார்.

"தடுக்கல." அவர் என் பக்கத்தில் வந்து நின்று மேலும் கீழும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே உயரம். "இவருதானா அது? ராத்திரி எங்க வீட்டுக்காரரு சொன்னதுலேர்ந்து சிரிச்சிக்கினே இருக்கறேன். தாலி கட்டறப்பவும் சிரிப்பு. ஐயரு திட்டிட்டாரு."

"நடந்து காட்டுங்கம்மா," என்றாள் மடிக்கிற பெண்.

அந்த அம்மா நடைபாதையில் நடந்தார். ஆட்டோக்காரர் யாரும் சொல்லாமலே வண்டியை நகர்த்தி வழி விட்டார். உள்ளே யாரோ ஒரு வாடிக்கையாளர், "கடையில யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் அசையவில்லை.

அவர் திரும்பி வந்தார். கொசுவத்தைத் தட்டிச் சரி செய்தார். வீட்டுக்காரரைப் பார்க்காமல் எங்களிடம் சொன்னார்:

"இத எவளுக்கும் குடுக்க மாட்டேன்."