ஊதா எண்ணெய்

அப்போது அந்த வாடகை அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். கதவோரம் நான். எதிர்ப் பாயில் ஜெபா, சாத்தான்குளம் பக்கம். ஜன்னலோரம் சுதா, செய்யாறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அமுதாக்கா. அவருக்குப் பிள்ளைப்பாக்கத்தில் சொந்த வீடு இருந்தது. ஆனாலும் வாரம் ஒரு நாள் எங்கள் அறையில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தால்தான் அவருக்கு லீவு லீவாக இருக்கும். நான்கு பேருக்கும் வல்லம் வடகாலில் ஒரே கம்பெனி. பார்ட்ஸ் கழுவும் வேலை.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. போன வாரம் ஒரகடத்து மெடிக்கலில் அந்த பாட்டிலைப் பார்க்காவிட்டால் இதையும் எழுதியிருக்க மாட்டேன். மகனுக்குக் கால் மடிப்பில் அரிப்பு. கடைக்காரர் ஊதா நிறத்தில் ஒரு எண்ணெயை எடுத்து வைத்தார். மூடியைத் திறந்து மோந்தேன். தேங்காய் எண்ணெய், அதற்கடியில் ஒரு பச்சைக் கசப்பு. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

"நல்ல மருந்துமா," என்றார்.

நல்ல மருந்துதான். எனக்கே தெரியும்.

எங்கள் வேலை இதுதான். மெஷினில் கடைந்து வரும் இரும்பை கெமிக்கல் தொட்டியில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து அடுக்க வேண்டும். அந்த கெமிக்கலுக்கு ஒரு பெயர் டிரம்மில் எழுதியிருக்கும். நாங்கள் படித்ததில்லை. கைக்கு மெல்லிய ரப்பர் கிளவுஸ் கொடுப்பார்கள். அதற்குள் வேர்த்து எல்லோருக்குமே கொஞ்சம் அரிக்கும். ஜெபாவுக்கு அரிப்போடு நிற்கவில்லை. விரலிடுக்கில் தோல் உரிந்தது, பிறகு வெடித்தது. சோற்றில் கை வைக்க முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள்.

"தொரசானி ஸ்பூன்லதான் துன்னும்," என்பாள் சுதா. ஜெபாவும் சிரிப்பாள்.

டாக்டரிடம் போகலாமே என்பீர்கள். நாங்களும் சொன்னோம். ஆனால் ஜெபா டிரெய்னி. ஒரு வருஷம் முழுசாக முடித்தால் கம்பெனி ரோலில் எடுத்து நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கையைக் காட்டினால் கம்பெனி நர்சம்மா நோட்டில் எழுதுவார். எழுதினால் நிறுத்திவிடுவார்கள். எங்கள் கண் முன்னாலேயே இரண்டு பேர் அப்படிப் போனார்கள்.

"ரோல்ல ஏறிட்டேம்னா எங்கப்பா வாய மூடிருவாவ. இல்லன்னா அத்த மவனுக்குக் கெட்டி வச்சிருவாவ," என்றாள் ஜெபா. "அவம் நல்லவந்தாம். எனக்குத்தாம் வேண்டாம்."

அமுதாக்காதான் வழி சொன்னார். "இன்னாத்துக்கு அழுவுற? ஏரிக்கரையாண்ட வெட்பாலை மரம் கீது. தழைய தேங்காண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா ஊதாவா பூடும். எங்க வூட்டுக்காரருக்கு முதுவு முச்சூடும் செதில் செதிலா இருந்துது. இப்ப மாம்பழம் மாதிரி கீறாரு."

"கூட்டிக்கினு வாங்க, பாக்கலாம்," என்றாள் சுதா. முதுகில் ஒன்று வாங்கினாள்.

அடுத்த ஞாயிறு கட்டைப்பை நிறைய தழை வந்தது. இலையில் இரும்பு படக் கூடாது என்றார் அக்கா. வாரம் முழுக்க இரும்பையே தேய்க்கிற எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கையாலேயே கிள்ளிப் போட்டோம். ஜெபாவைக் கிள்ள விடவில்லை. காலி ஊறுகாய் பாட்டில்தான் இருந்தது. எத்தனை முறை கழுவியும் மாங்காய் வாடை போகவில்லை. மொட்டைமாடியை ஓனர் பூட்டி வைத்திருந்ததால் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டினோம். அங்கே வெயில் நிற்பதே இரண்டு மணி நேரம். நானும் ஜெபாவும் ஷிப்டுக்குப் போனால் சுதா பாட்டிலைத் திருப்பி வைப்பாள். அவள் போனால் நாங்கள். பத்து நாளில் எண்ணெய் நாவல்பழம் மாதிரி ஆனது.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. ஜெபா ஊருக்குப் போகவில்லை. காலையும் மாலையும் பூசினாள். நாலாம் நாள் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டாள். நாங்கள் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலைக்குப் போனதும் திரும்ப வெடித்தது.

அப்போது நான்தான் சொன்னேன். "வேலைக்குப் போவும்போதும் பூசிக்கோ ஜெபா. கிளவுஸுக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது?" பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் கிளவுஸ் நிற்கவில்லை. டீ டைமுக்குள் விரல் நுனி தொளதொளவென்று ஆகிக் கிழியும். கெமிக்கல் உள்ளே போகும். மாற்றினால் அதுவும் கிழியும்.

"இன்னாம்மா, கிளவுஸ துன்றியா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். லைனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். என் கிளவுஸில் ஒரு ஜோடியை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். கை மோசமாகிக்கொண்டே போனது. எண்ணெய் போதவில்லை என்று நினைத்தோம். இன்னும் கெட்டியாகப் பூசினோம். சில நாள் நானே பூசிவிட்டேன்.

மாசியில் மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். நர்சம்மா ஜெபாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். ஊதாவும் ரணமுமாக இருந்தது.

"இது இன்னா கலரு?"

"மருதாணி, சிஸ்டர்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து எழுதினார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நானும் சுதாவும் எச்.ஆர். ரூம் வாசலில் போய் நின்றோம். உள்ளே கூப்பிடவில்லை. லைனுக்குத் திரும்பிவிட்டோம்.

ஊருக்குக் கிளம்பிய ஜெபாவைத் தாம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பாட்டிலைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். "அங்க கெமிக்கல் கெடையாதுல்லா. கை சரியாயிரும்," என்றாள். பஸ் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து, தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ஸ்டோரில் கிளவுஸ் வாங்கப் போனேன். ஸ்டோர் அண்ணன் கையைப் பார்த்தார். "கைய கழுவிட்டு வாம்மா. எண்ணெ பட்டா ரப்பர் ஊறிப் பூடும், கிழிஞ்சிரும்." பத்துப் பேருக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டேன். சுதாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இப்போது அந்தத் தொட்டி இல்லை, மூடி போட்ட மெஷின் கழுவுகிறது. ஏரிக்கரைப் பக்கம் லாரி நிற்கும் இடமாகிவிட்டது, மரம் இல்லை. அமுதாக்கா வீட்டை விற்று மறைமலை நகர் போய்விட்டார். ஜெபாவின் நம்பரை வேறு யாரோ எடுக்கிறார்கள். அத்தை மகனுக்கே கட்டி வைத்துவிட்டதாக சுதா சொன்னாள்.

ஒரு வருஷம் முடிய அவளுக்குப் பாக்கி இருந்தது பத்தொன்பது நாள்.