மருமகனும் காலைப் புல்லும்

என் மருமகன் ஏசுதாஸ் பை தூக்குகிறவர். அப்படிச் சொன்னால் பஸ் ஸ்டாண்டு கூலியா என்று கேட்கிறார்கள். அதில்லை. உத்திரமேரூரைத் தாண்டி, புஞ்சையாகக் கிடந்த நிலத்தை வளைத்து கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார்கள். அங்கே ஆட வருகிற சாருக்கு மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை. மருமகன் மாகறலில் பிறந்தவர். என் மகள் நிஷாவைக் கட்டும்போது செங்கல் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தார். மைதானம் வந்ததும் தொலைந்த பந்தைத் தேடிக் கொடுக்கப் போனார். பிறகு பை தூக்கினார். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன், களை எடுக்கிற பெண்களோடு.

பை தூக்குவது பெரிதில்லை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்வட்டம் இருக்கும், கிரீன் என்பார்கள். பந்து அங்கே வந்து விழுந்தபிறகு, எந்தப் பக்கம் பார்த்துத் தட்டவேண்டும், எவ்வளவு பலமாகத் தட்டவேண்டும் என்று பை தூக்குகிறவர்தான் சாருக்குச் சொல்லவேண்டும். அதில் என் மருமகன் கெட்டிக்காரர். பழைய புல் தடிப்பு. பந்து அதில் ஊர்ந்துதான் போகும். காலையானாலும் சாயங்காலமானாலும் ஒரே மாதிரி. "நல்லா தட்டுங்க சார்" என்பார், பந்து போய்க் குழிக்குள் விழும். சென்னையிலிருந்து வருகிற வேதாசலம் சார் வேறு யாரிடமும் பையைக் கொடுத்ததில்லை.

போன மழையில் அந்தப் புல் அழுகிப் போயிற்று. மொத்தத்தையும் சுரண்டிவிட்டுப் புதுப் புல் பதித்தார்கள். தலைமுடி மாதிரி மெல்லிசு. அன்றைக்குப் பிடித்தது பேஜார். மருமகன் சொன்ன கணக்கு எதுவும் நிற்கவில்லை. பந்து குழியைத் தாண்டித் தாண்டி ஓடியது.

"இன்னாய்யா ஏசு, கண்ணு போச்சா?" என்று சார் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டாராம். பொங்கல் கழிந்து சனி, ஞாயிறு இரண்டு நாள் பெரிய போட்டி. அதிலும் இப்படியே ஆனால் அடுத்த தரம் பை ஆல்பர்ட் கைக்குப் போய்விடும் என்று சூப்பர்வைசர் மோகன்குமார் சொன்னார். ஆல்பர்ட் சின்னப் பையன், நேற்று வந்தவன். வழக்கமான சார் இல்லாதவர்கள் புங்கமரத்தடியில் காத்துக் கிடப்பார்கள். யாராவது கூப்பிட்டால் உண்டு. இந்த வயதில் என் மருமகன் அங்கே போய்க் குந்துவதா?

அவர் சாப்பாட்டை விட்டார். வேலை முடிந்தபின் சாயங்காலத்தில் ஓர் ஓரமான கிரீனில் பழகிக்கொள்ள விடுவார்கள். இருட்டுகிற வரைக்கும் அங்கே பந்து தட்டினார். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. கோணிச் சாக்கை விரித்து, அந்தப் பக்கம் ஒரு டம்ளரைப் படுக்கவைத்து, அதற்குள் பந்தைத் தள்ளிக்கொண்டே இருப்பார். "புல்லு புடிக்குது நிஷா. பலமா தட்டினாத்தான் போவுது. காலையில மட்டும் இன்னா வந்துடுது அதுக்கு?" என்று தனக்குள் பேசுவது போல் பேசுவார்.

கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகனிடம் முகம் பார்த்துப் பேசமாட்டாள். சொல்லவேண்டியதை மகளிடம் சொல்வாள், அவர் காதில் விழும். அவரும் அப்படித்தான். "இந்தக் காலத்துல யாரும்மா இதெல்லாம் பாக்கறாங்க?" என்று நிஷா கேட்பாள். யார் பார்க்காவிட்டால் என்ன, நான் பார்க்கிறேன். என் அம்மா இருந்தபடி இருக்கிறேன்.

போட்டிச் சனிக்கிழமை விடியுமுன் எங்களை வரச் சொன்னார்கள். தை மாதப் பனி. நீட்டு மூங்கிலைக் கிரீன் மேல் இழுத்துப் பனியைத் தட்டவேண்டும். நாங்கள் மூங்கிலை எடுக்குமுன் எங்கள் கண்ணெதிரிலேயே புல்லை இன்னும் ஒட்ட வெட்டி, ரோலர் வேறு ஓட்டினார்கள். நாங்கள் பனி தட்டி முடித்ததும் மறுபடியும் ரோலர் ஓட்டினார்கள். இதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூங்கில் என் கையில் நிற்காமல் எண்ணெயில் வழுக்குவது போல் ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை முடிந்து போகும்போது இதே புல் என் காலில் குத்தும். பகலெல்லாம் வளர்ந்துவிடுகிறது. மருமகன் பழகினதெல்லாம் சாயங்காலப் புல். ஆடப் போவது காலைப் புல், அதுவும் இரண்டு தரம் ரோலர் போட்டது. பழைய புல்லில் இந்தப் பேதமே கிடையாது, அவருக்கு எப்படித் தோன்றும்?

சொல்ல ஆளில்லை. நிஷா வீட்டில். மருமகன் சாரோடு முதல் குழிக்குப் போய்விட்டார். எங்களுக்கோ, ஆடுகிறவர்கள் இருக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. என்னையும் செங்கேணியையும் ஒன்பதாவது கிரீன் பக்கத்துச் செடியோரம் சருகு பொறுக்க விட்டார்கள். செங்கேணி எங்கள் தெருக்காரி, தங்கச்சி மாதிரி.

வெகு நேரம் கழித்து சாரின் குரல் வந்தது. "எட்டாவது குழியிலயும் தாண்டிப் போச்சேய்யா. இதோட எத்தினி?"

மருமகன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். கறுத்துப் போயிருந்தது. சாரின் பந்து கிரீன் மேட்டில் கிடந்தது, குழி இறக்கத்தில். மருமகன் குந்திப் பார்த்தார். எழுந்தார். "சார், நேராவே தட்டுங்க. கொஞ்சம் பலமாவே தட்டுங்க, புல்லு புடிக்கும்."

ஏசப்பா என்றேன் மனதுக்குள். சார் இன்னும் மட்டையை எடுக்கவில்லை. மோகன்குமார் பத்தடியில் நின்றிருந்தார். நிற்கட்டும்.

"ஏண்டி செங்கேணி!" என்றேன், உரக்க. "விடியக்காலம் இது மேல ரெண்டு வாட்டி ரோலரு ஓட்டினாங்களே, பாத்த இல்ல? சாயங்காலம் காலுல குத்துற புல்லாடி இது? இப்போ சிமிட்டித் தரை மாரி வழவழன்னு கீது!"

செங்கேணி பயந்து போனாள். "நானுந்தானே கூட இருந்தேன்? என்னாண்ட ஏங்க்கா கத்திக்கினு கீற?"

"உன்னாண்டதாண்டி சொல்லணும். வேற யாராண்ட சொல்வேன்?"

"ஆயா!" மோகன்குமார் பாய்ந்து வந்தார். "இன்னா சந்தையா இது? எந்திரி. குப்பைமேட்டாண்ட போ. ஆட்டம் முடியற வரைக்கும் இந்தப் பக்கம் உன்னப் பாக்கக் கூடாது!"

எழுந்தேன். மருமகன் திரும்பவே இல்லை. ஆனால் மறுபடியும் குந்தினார். உள்ளங்கையைப் புல்லின் மேல் வைத்தார். சாரின் காதோரம் என்னவோ சொன்னார். நான் செடியைத் தாண்டும்போது மட்டையில் பந்து பட்டது கேட்டது. குழிக்குள் விழுந்தால் டொக்கென்று ஒரு சத்தம் வரும். அதற்காக நின்றேன்.

வரவில்லை.

பகல் முழுக்கக் குப்பைமேட்டில் வெட்டின புல்லை வாரிக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பேச்சைக் கேட்டு ரொம்ப மெதுவாகத் தட்டச் சொல்லிவிட்டாரோ? பந்து பாதியில் நின்றுவிட்டதோ? அவர் பாட்டுக்கு இருந்தவரை நான்தான் கெடுத்தேனோ? கொண்டுபோன கூழை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

மருமகன் பொழுது சாய்ந்துதான் வந்தார். கால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்தார். நிஷா களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முதுகெல்லாம் காதாக இருந்தது.

"நிஷா" என்றார், பாதிச் சாப்பாட்டில். "ஒம்பதாவது குழியில பந்து ஒரு ஜாண் முன்னாடியே நின்னுச்சு. அடுத்த தட்டுல சார் உள்ள போட்டாரு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட தாண்டல."

"சார் இன்னா சொன்னாரு?"

"நாளைக்கு நேரத்தோட வந்துடுன்னாரு."

எனக்குக் கண் கலங்கிற்று. தெருவில் போகிற நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கும் ரோலர் ஓட்டுவாங்களான்னு உங்கம்மாவக் கேளு."

"ஏங்க, ரெண்டு முழத்துல உக்காந்துகினு கீறீங்க ரெண்டு பேரும்! நேராக் கேட்டா இன்னா, வாய் கோணிக்குமா?"

நான் அசையவில்லை. "சொல்லுடி உங்க வூட்டுக்காரராண்ட. ஓட்டுவாங்க. தண்ணியும் இன்னிக்கி விடவாணாம்னு சொல்லிக்கீறாங்க. காஞ்ச புல்லுல பந்து இன்னும் ஓடும்."

"கேட்டுச்சா?" என்றாள் நிஷா.

"கேட்டுச்சு. உங்கம்மாவுக்கு இன்னொரு துண்டு கருவாடு வை."

கை கழுவிவிட்டு வந்து கோணிச் சாக்கை எடுத்தார். விரிக்கவில்லை, சுருட்டி மூலையில் போட்டார். வெறும் சிமெண்டுத் தரையில் டம்ளரைப் படுக்கவைத்தார். இன்னும் ஓடும் என்றேனே தவிர, எவ்வளவு ஓடும் என்று எனக்கு மட்டும் தெரியுமா? பந்து தரையில் உருளுகிற சத்தம் கேட்டது. தெருவைப் பார்த்தபடியே, டம்ளரில் படுகிறதா என்று காதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.