திரேசா ரீச்சர் எழுதச் சொன்ன காரணம்

வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "சேர், திரேசா ரீச்சர் விடிய மோசம் போயிட்டா" என்றார் எங்கள் பாடசாலையின் பழைய எழுதுவினைஞர். சாவுச் செய்தி கேட்டு வரம்பிலேயே குந்திவிட்டேன்.

ஜெயபுரத்துக்கு அப்பால் இருந்த அந்தப் பாடசாலையில் நான் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். திரேசா ரீச்சர் அங்கே தொழில் வழிகாட்டல் ஆசிரியை. முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். குரலை உயர்த்தி அவர் பேசியதே இல்லை. கோபப்பட அங்கே நான் ஒருவனே போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

காலைக் கூட்டத்தில் நான் ஒரே பேச்சைத்தான் பேசுவேன். "நானும் வறுமையில் படித்தவன்தான். சரியான துறையைத் தெரிவு செய்து பாடுபட்டால் எவரும் முன்னுக்கு வரலாம்." ஒருநாள் பேச்சு முடிந்ததும் ரீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார்.

"சேர், நீங்கள் உயர்தரம் படிக்கேக்க உங்கட பள்ளிக்கூடத்தில கணக்கு வாத்தியார் இருந்தவரோ?"

"ஓம், இருந்தவர். ஏன்?"

"இஞ்ச உயர்தரத்துக்கு ஒருத்தரும் இல்லை. கலைப்பிரிவு மட்டும்தான் இருக்கு. பிள்ளையள் எதில எதைத் தெரியிறது?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

உயர்தரத்துக்குச் சேரும் பிள்ளைகளின் படிவத்தில், துறையைத் தெரிவு செய்த காரணத்தை எழுத ஓர் இடம் இருக்கும். எல்லாரும் 'விருப்பம்' என்றே எழுதுவார்கள். அதுதான் எங்கள் வழக்கம். அந்த ஆண்டு ரீச்சர் உண்மையை எழுதச் சொல்லியிருந்தார். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ' சித்தி பெற்ற கவிதா, 'இங்கே கணிதப் பிரிவு இல்லை. வெளியூரில் விட்டுப் படிப்பிக்க அம்மாவிடம் வசதி இல்லை' என்று எழுதியிருந்தாள். பாடசாலையின் மானம் போய்விடும் என்று பயந்தேன். புதிய படிவங்களைக் கொடுத்து எல்லாரையும் பழையபடி எழுதுவித்தேன்.

பிறகு, கணித ஆசிரியர் கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு மேலிடத்திலிருந்து பதில் வந்தது. மாணவர் அனைவரும் விரும்பியே கலைப்பிரிவைத் தெரிவு செய்திருப்பதால் ஆசிரியர் தேவையில்லையாம். ரீச்சர் அதை இரண்டுதரம் வாசித்தார். "பிள்ளையள் பொய் சொல்லேல்ல, சேர். நாங்கள்தான் சொல்லுவிச்சனாங்கள்" என்றார். 'நீங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு உண்மையையே அனுப்பினோம். ஆசிரியர் வந்து சேர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் கவிதா கலைப்பிரிவில் பரீட்சை எழுதிவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். அவள் வயதுதான் என் மகனுக்கும். அவளைவிடக் குறைந்த பெறுபேறு பெற்ற அவனை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தேன். இன்று பொறியியலாளன், மாடிவீடும் கட்டிவிட்டான். நல்ல துறையாகப் பார்த்து எடுத்தான் என்று ஊர் மெச்சுகிறது. அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுக்கு எடுப்பதற்கு நாலு துறை இருந்தது, என்னிடம் காசு இருந்ததால். இதை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

நேற்று முல்லைத்தீவில் ரீச்சரின் நல்லடக்கம். கவிதா அரைநாள் லீவில், தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தாள். என் பக்கத்தில் நின்ற பழைய ஆசிரியர் ஒருவர், "நல்ல மூளை. பிழையான பாடத்தை எடுத்துத் தன்ர வாழ்க்கையைத் தானே கெடுத்துப்போட்டாள்" என்றார்.

"அவள் எடுக்கேல்ல" என்றேன். "உண்மையைத்தான் எழுதினவள். நான்தான் மாத்தி எழுதுவிச்சனான்."

எங்களுக்கு முன்னால் நின்ற கவிதா திரும்பிப் பார்த்தாள்.

"இதை ரீச்சர் இருக்கேக்க சொல்லியிருக்கலாம், சேர்" என்றாள்.

அவள் ஒரு பிடி மணலை அள்ளிக் குழிக்குள் போட்டுவிட்டு, எனக்கு இடம் விட்டு விலகினாள். நானும் குனிந்து அள்ளினேன்.

பிந்திவிட்டேன், ரீச்சர். போய் வாருங்கள்.