ஒன்று கிண்ணத்துக்கு, ஒன்று வாய்க்கு

2019 ஜூன் 21: ரொட்டிக்கு 11 இறால்.
2021 ஜூன் 25: 10.
2022 ஜூன் 24: 9.
2023 ஜூன் 23: 8.
2024 ஜூன் 21: 7.

குன்வோர் இறால் உரித்துக்கொண்டிருக்கிறார். தலையைத் திருகுகிறார், வயிற்றுப் பக்கம் கட்டைவிரலை விட்டு ஓட்டைக் கழற்றுகிறார், வாலைப் பிடித்து இழுக்கிறார். நான்கு நொடி. ஒன்று கிண்ணத்துக்குப் போகிறது, அடுத்தது வாய்க்கு.

"உப்பு சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?"

படகிலேயே கடல்நீரில் வேகவைத்த இறால் அது. ஐந்து கிலோவிலும் ஒரே உப்புதான்.

குன்வோருக்கு எழுபத்து நான்கு வயது. பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவர். எங்கள் தீவின் படகுத்துறைச் சங்கம் நடுக்கோடை விழாவுக்குப் போடும் மேசையில் இறால் ரொட்டி இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் பொறுப்பு. மயோனைஸை அவரே அடிப்பார். கடை மயோனைஸ், "செவுத்துக்குப் பூசலாம்." உப்புநீர்ப் பொட்டல இறால், "அழிரப்பரு." சதகுப்பைத் தழையைக் கத்தரிக்கோலால்தான் வெட்டவேண்டும். கத்தியோடு உதவ வந்த ஒரு விருந்தாளியைப் பத்தடி தூரத்தில் நிறுத்தி, "எங்க பொறந்த நீ?" என்று கேட்டார்.

தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுப்பதில்லை. பாதியாக வெட்டுவோம், அந்தப் பாதியை இன்னொருவர் பாதியாக வெட்டுவார், கடைசியில் நகக்கண் அளவு மிஞ்சும். குன்வோர் முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "காயுதுல்ல?"

ஆண்டுக்காண்டு இறால் குறைவதேன் என்று கேட்டேன்.

"இறால் பெருசாயிடுச்சுப்பா. கண்ணாடிய மாத்து."

சென்ற ஆண்டு அவருடைய வாளியில் இருந்த தலைகளை எண்ணினேன். 514. நாற்பது ரொட்டிக்கு ஏழு வீதம் 280. மீதி 234 இறாலும் உப்புப் பார்ப்பதற்கே போயிருந்தன.

இதை முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் சங்கத்தில் ஆளில்லை. கடிதம் எழுதுவோம். 2023இல், "இத்தனை ஆண்டு உழைப்புக்கு நன்றி, களைத்திருப்பீர்கள்" என்று எழுதினோம். அதைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டார். 2024இல், "ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே" என்று எழுதினோம். "களைப்பெல்லாம் இல்லை, அன்புக்கு நன்றி" என்று அட்டை வந்தது. இந்த ஆண்டு மனதைக் கல்லாக்கிக்கொண்டோம். செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுதினேன்: இறால் குறைகிறது, இதுவே உங்கள் கடைசி ஆண்டு, அடுத்த ஆண்டு முதல் தலைவர் ஆல்ரிக்கின் மனைவி உல்லா செய்வார். தபாலில் போட ஆல்ரிக் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 20, விழா. குன்வோர் தட்டுகளோடு வந்தார். என் ரொட்டியில் எண்ணினேன். 13. பக்கத்து ரொட்டியிலும் 13. கடைசித் துண்டு மிஞ்சியபோது அவர் கை நீளவே இல்லை.

மேசை முழுக்க நெகிழ்ந்துபோனது. "பாத்தியா, பக்குவமா எழுதினா பலன் இருக்கு," என்று உல்லா என் காதில் சொன்னார். கண் கலங்கிய ஆல்ரிக் எழுந்து நின்று, நாற்பது பேருக்கு முன்னால், "குன்வோர், உயிருள்ளவரைக்கும் இது உங்க வேலைதான்!" என்று அறிவித்தார். கைதட்டினோம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

குன்வோர் என் பக்கம் சாய்ந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"எதுக்குப்பா இந்தாளு அழுவறாரு? நேத்து கடவாப்பல்லப் புடுங்கிட்டாங்க. ஒரு இறால் வாயில வைக்க முடியல. நான்ல அழுவணும்!"

ஆல்ரிக்கைத் தனியே அழைத்துப் போய்க் கடிதத்தை எப்போது தபாலில் போட்டார் என்று கேட்டேன். மூன்று நாள் கோட்டுப்பையில் வைத்திருந்தாராம், துணிவு வரவில்லையாம். முந்தின நாள் மாலைதான் போட்டாராம். அதன்பின் விடுமுறை.

அடுத்த வாரம் குன்வோர் வீட்டுக்குப் போனேன். வீக்கம் வடிந்திருந்தது. மேசையில் இரண்டு கிலோ இறால். தபால் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த கடிதத்தை நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். என்னைப் பார்த்தார். மேசைமேல் அதை விரித்து, உட்கார்ந்து, முதல் இறாலின் தலையைத் திருகி என் கையெழுத்தின் மேல் போட்டார். இறாலை வாயில் போட்டுக்கொண்டார். இரண்டாவதையும்.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: 2025 ஜூன் 24, செவ்வாய்.